தீ அணைந்த பிறகு வரும் துணை



திருடன் புகுந்தால் வீடாவது மிஞ்சும். வெள்ளம் வந்தால் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடியும் அதே கூரையின் கீழ் குடியிருக்கலாம். தீ வந்தால் மிஞ்சுவது என்ன? கருகிய நாலு கட்டையும் நெளிந்த தகரமும்தான். சட்டி பானை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், காலஞ்சென்ற அப்பாவின் ஒரே படம், தீபாவளிக்கென்று சீட்டுக் கட்டி எடுத்து வைத்த காசு, அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் எல்லாம் அரை மணி நேரத்தில் சாம்பலாகிவிடும்.

பழைய பலகை லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஒரே சுவர், தலைக்கு மேல் ஒரே கூரை. ஒரு குசினியில் பற்றினால் வரிசையே போய்விடும். தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், பட்டணத்துப் பக்கம் வந்து புறம்போக்கு நிலத்தில் பலகை அடித்துக் குடியேறியவர்களுக்கும் இதே கதிதான். லயத்தின் பயம் அவர்களோடு கூடவே பட்டணத்துக்கு வந்தது.

தீ வந்த வீட்டுக்கு யார் துணை வருகிறார்கள், எத்தனை நாள் வருகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் உள்ள மாதா கோயில்களும் கிறிஸ்துவ சபைகளும் இந்தக் காரியத்தில் கைக்கொள்ளும் சில பழைய முறைகளைச் சொல்லப் போகிறோம். "இது வேதக்காரங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். நம் மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் நம் சங்கத்துக்கும் உதவக்கூடிய விஷயம் இதில் இருக்கிறது.

பூத்ரா ஹைட்ஸில் நடந்தது

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். சிலாங்கூரில் சுபாங் ஜெயாவை ஒட்டியுள்ள பூத்ரா ஹைட்ஸ் பகுதியில், காலை 8 மணிக்குச் சற்றுப் பிறகு, நிலத்துக்கடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. எழும்பிய ஜுவாலை பல மைல் தூரத்துக்குத் தெரிந்தது. பிற்பகலில்தான் தீ அணைந்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 80க்கும் மேற்பட்டவை குடியிருக்கவே முடியாதபடி சேதமாயின. சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். பெருநாள் பலகாரம் மேசையில் இருந்தபடியே இருக்க, மக்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள்.

ஓடியவர்களுக்குக் கதவு திறந்த இடங்கள் எவை தெரியுமா? அங்கிருந்த ஸ்ரீ மகா காளியம்மன் ஆலயத்து மண்டபத்திலும் பூத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசலிலும் மக்கள் தஞ்சம் புகுந்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேற்றுமை அன்றைக்கு இல்லை. வெந்த காலோடு வருகிறவரிடம் "நீ எந்த மதம்?" என்று கேட்பவன் மனிதனாக இருக்க முடியாதல்லவா?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. முற்றாக வீடிழந்தவர்களுக்கு 5,000 வெள்ளியும், ஓரளவு சேதமடைந்த வீட்டுக்காரர்களுக்கு 2,500 வெள்ளியும் உடனடி உதவியாகப் பிரதமர் அறிவித்தார். தொலைந்த அடையாளக் கார்டுகளுக்கு மாற்றுக் கார்டு தர ஏற்பாடானது.

அது நாடே பார்த்த தீ. தொலைக்காட்சி வந்தது, மந்திரிமார் வந்தார்கள், லாரி லாரியாகச் சாமான் வந்தது. ஆனால் நாலு வீடு எரியும் தீ, ஒரு வீடு மட்டும் எரியும் தீ எத்தனை இருக்கின்றன? பத்திரிகையில் ஒரு மூலையில் நாலு வரி வரும். மறுநாள் மறந்துபோகும். அந்தக் குடும்பத்துக்கு யார் வருவார்?

மூன்று நாள் கூட்டம், முப்பதாம் நாள் தனிமை

கிள்ளான் பக்கத்தில் ஒரு கம்பத்தில் குடியிருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மனைவி தொழிற்சாலைக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள். இராத்திரி மின்சாரக் கம்பி கருகித் தீப்பிடித்து வீடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் ஊரே கூடும். சோற்றுப் பொட்டலம் அதிகமாகி மீந்துபோகும். இரண்டாம் நாள் துணி வரும். மூட்டை மூட்டையாக வரும். அதில் பாதி கிழிசல், பாதி அளவு சேராதது. மூன்றாம் நாள் பெரிய மனிதர் ஒருவர் வந்து காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். அதோடு சரி. ஏழாம் நாள் பார்த்தால் தெரு வெறிச்சென்று இருக்கும்.

உண்மையான கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது. "அண்ணன் வீட்டுல ரெண்டு நாளு, தங்கச்சி வீட்டுல நாலு நாளு இருந்தோம். அதுக்கு மேல நமக்கே கூச்சமா இருக்குதுங்க. அவங்களுக்கும் சின்ன வீடுதானே?" இப்படித்தான் வீடிழந்தவர்கள் பேசுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்பு இல்லை. வீடு வாடகைக்குப் பிடிக்க முன்பணம் வேண்டும். புருஷன் ஒவ்வோர் இலாகாவாக ஏறி இறங்கினால் நாள் சம்பளம் போகும். ராத்திரியில் பிள்ளைகள் "நெருப்பு, நெருப்பு" என்று அலறி எழுந்திருக்கும். முப்பதாம் நாள், அறுபதாம் நாள், நூறாம் நாள்... அப்போது ஓர் ஆள் வந்து, "என்ன தம்பி, வேலைக்குப் போறியா? சின்னவன் பள்ளிக்கூடம் போறானா?" என்று கேட்டால் அதன் மதிப்பே வேறு.

வாரா வாரம் ஒரே இடத்தில் கூடுகிற கூட்டத்துக்குத்தான் இந்த வேலை சுலபம். இந்த ஞாயிறு வந்தவர்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள். யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கிறிஸ்துவ சபைகளின் பலம் காசில் இல்லை, இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

தீயிலிருந்து தப்பிய ஒரு சிறுவன்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இருக்கின்றன. இந்த மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே ஐந்து வயதில் தீயில் வீடிழந்த பிள்ளை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூர். 1709ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, அவர் தகப்பனார் சாமுவேல் வெஸ்லி பாதிரியாராகக் குடியிருந்த கூரை வீடு தீப்பிடித்தது. மற்றப் பிள்ளைகளையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். படி எரிந்துவிட்டது. ஏணி தேடப் போக நேரமில்லை. அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள்? ஒருவர் சுவரோடு சாய்ந்து நின்றார், இன்னொருவர் அவர் தோள்மேல் ஏறி நின்று, ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தெடுத்தார். அடுத்த நிமிஷம் கூரை உள்ளே விழுந்தது.

எட்டுப் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களே, வீடு போனால் போகட்டும் என்று தகப்பனார் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். ஆனால் தாயார் சூசன்னாவுக்கு வேறொரு கவலை வந்தது. வீடு திரும்பக் கட்டும் வரை பிள்ளைகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. அப்படிப் பிரிந்திருந்த காலத்தில் பிள்ளைகளின் படிப்பும் பழக்கமும் கெட்டுப்போயின என்று அந்தத் தாய் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். இது 300 ஆண்டுக்கு முந்திய சங்கதி. இன்றைக்கும் இதுவேதான் நடக்கிறது. பெரியவளைப் பாட்டி வீட்டிலும், நடுவுள்ளவனை மாமா வீட்டிலும், சின்னதைத் தாயோடும் பிரித்துவிடுகிறோம். வீடிழந்த பிள்ளை அதோடு குடும்பத்தையும் இழந்ததுபோல் ஆகிவிடுகிறது. உதவி செய்கிறவர்கள் குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்வொர்த் வீடு மறுபடி கட்டப்பட்டபோது கூரை வீடாகக் கட்டவில்லை, செங்கல் வீடாகக் கட்டினார்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

வாரம் ஒரு காசு

தோள்மேல் ஏறிக் காப்பாற்றப்பட்ட அந்தப் பிள்ளை பெரியவரானபோது, 1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் ஒரு யோசனை பிறந்தது. சபைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று பேச்சு வந்தது. "ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஃபோய் என்ற மாலுமி, ஏழைகளாகப் பார்த்துப் பதினோரு பேரைத் தம்மிடம் விடும்படியும், அவர்களால் முடியாவிட்டால் தாமே அவர்களுக்காகக் கொடுப்பதாகவும் சொன்னார். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று ஏற்பாடாயிற்று. தலைவர் வாரா வாரம் வீடு வீடாகப் போனார். காசு வாங்கப் போனவர் கண்ணில் வியாதி பட்டது, பட்டினி பட்டது, சண்டை சச்சரவு பட்டது. கடன் வசூல் வேலை கடைசியில் மனிதரைக் கவனிக்கும் வேலையாக மாறிவிட்டது.

கத்தோலிக்கரிடம் இதுபோல் இன்னொரு முறை இருக்கிறது. 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானம் என்ற 20 வயது மாணவர் சில நண்பர்களோடு சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். ஏழைகளோடு பழகும் வழியை அவர்களுக்குக் காட்டித் தந்தவர் ரோசலி ரெண்டு என்ற கன்னிகாஸ்திரீ. இந்தச் சபையார் இன்றைக்குக் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துப் பங்குகளிலும் இருக்கிறார்கள். இவர்கள் பாதிரிமார் அல்ல, சாதாரணக் குடும்பஸ்தர்கள். இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் இவர்களுடைய முறை. ஏன் இரண்டு பேர்? ஒருவர் போனால் தப்பாகப் பேசலாம், தப்பாகவும் நடக்கலாம். பத்துப் பேர் போனால் அந்த வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போவார். இரண்டு பேர் போய்க் கீழே உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்தால் அது சொந்தக்காரர் வந்ததுபோல் இருக்கும். யாருக்கு என்ன கொடுத்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. எந்த மதத்தவர் என்று பார்க்கவும் கூடாது. இவை அவர்கள் விதிகள்.

பிரிக்பீல்ட்ஸின் சீயோன் லுத்தரன் தேவாலயம், பாத்திமா மாதா கோயில், கிள்ளானின் லூர்து மாதா கோயில் ஆகியவற்றுக்குப் போய்வருகிற தமிழர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நம் பாட்டன் பூட்டன் வந்த அதே கடல் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள்தான். இந்த நாட்டின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையை 1907ஆம் ஆண்டு தொடங்கியவர்களே குடியேறி வந்த தமிழர்கள்தான். அந்நிய மண்ணில் ஒருவருக்கொருவர் துணை வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். நாமும் அப்படித்தான்.

எரிந்த காகிதம், எரிந்த உரிமை

அன்பர்களே, இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். தீ விழுங்கும் பொருள்களில் விலை அதிகமானது தொலைக்காட்சிப் பெட்டியோ ஐஸ் பெட்டியோ அல்ல. ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கும் காகிதங்கள்தான்.

தோட்டத்தில் பிறந்து பிறப்பைப் பதியாமலே வளர்ந்தவர்கள், கல்யாணத்தைப் பதியாதவர்கள், சிவப்பு அடையாளக் கார்டிலேயே வயதானவர்கள் நம்மில் எத்தனையோ பேர். 2011ஆம் ஆண்டு பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்கென்றே "மைடாஃப்தார்" என்று அரசாங்கம் ஓர் இயக்கம் நடத்தும் அளவுக்குப் பிரச்சினை பெரிது. அப்படிப்பட்ட குடும்பத்தில் இருந்த ஒன்றிரண்டு காகிதமும் எரிந்துவிட்டால் என்ன ஆகும்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தடுமாற்றம், உதவித்தொகைக்குத் தடுமாற்றம், ஊழியர் சேமநிதி எடுக்கத் தடுமாற்றம். வீட்டை எரித்த தீ பிள்ளையின் எதிர்காலத்தையும் எரித்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, தீ அணைந்த உடனே போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்கி வையுங்கள். எரிந்துபோன காகிதம் ஒவ்வொன்றையும் அதில் சொல்லுங்கள். "அடையாளக் கார்டு எரிந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், வீட்டுக் காகிதம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அந்தப் புகாரோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். அடையாளக் கார்டைத் தொலைத்தால் அபராதம் உண்டு என்று நம்மவர்கள் பயந்து போகாமலே இருந்துவிடுகிறார்கள். தீ, வெள்ளம் போன்ற ஆபத்தில் போனது என்று போலீஸ் புகார் காட்டினால் அந்த அபராதத்துக்கு விலக்கு உண்டு.

மூன்றாவது, சமூகநல இலாகாவில் உதவிக்கு மனுச் செய்யுங்கள். 15999 என்ற எண்ணில் கூப்பிட்டும் விஷயத்தைச் சொல்லலாம்.

நான்காவது, பிள்ளைகளின் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். உடுப்பும் புத்தகமும் வரும் வரை பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். கலர்ச் சட்டையோடு போனாலும் போகட்டும்.

சொல்வது சுலபம். ஆனால் வீடு எரிந்த மனிதனுக்குப் புத்தி பேதலித்துப் போயிருக்கும். எந்தக் கவுண்டர், என்ன பாரம், மலாயில் எப்படி எழுதுவது என்று நின்றுவிடுவான். இங்கேதான் கூடவே போகிற ஒரு துணை வேண்டும். சபையிலிருந்து வரும் இரண்டு அக்காமார் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்:

"தங்கச்சி, போலீஸ் ரிப்போட் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. ஆனா சூராட் பிராணா எரிஞ்சத சொல்ல மறந்துட்டேன்."

"பரவால்ல, நாளைக்கே இன்னொன்னு போட்டுக்குவோம். காலையில எட்டு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நம்பரு வாங்கிட்டு நான் நிக்கிறேன், நீ பிள்ளையப் பாத்துக்க."

இதற்கு என்ன செலவு? ஒரு காலை நேரம், பஸ்ஸுக்குச் சில்லறை. ஆனால் பத்து மூட்டைப் பழைய துணியைவிட இது பெரிய தர்மம்.

ஹாங்காங் மொட்டை மாடியில் பள்ளிக்கூடம்

நீண்ட நாள் துணை என்றால் என்ன என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷேக் கிப் மேய் என்ற இடத்தில் புறம்போக்குக் குடிசைகள் தீப்பிடித்தன. ஒரே இரவில் 50,000க்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அந்தத் தீக்குப் பிறகுதான் அங்கே அரசாங்கம் பெரிய அளவில் அடுக்குமாடி வீடுகள் கட்டத் தொடங்கியது. அந்தக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் கிறிஸ்துவ சபைகளும் மற்றத் தர்ம ஸ்தாபனங்களும் பள்ளிக்கூடம் நடத்தின. வெயிலிலும் காற்றிலும் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் மொட்டை மாடியில் எழுத்துப் படித்தார்கள். கஞ்சி ஊற்றுவதோடு நிற்காமல் ஆண்டுக் கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அதைத்தான் கைவிடாத துணை என்று சொல்வது.

நம் பக்கத்துச் சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அங்கே ஓராண்டுக்குள்ளாகவே மாற்று அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

இங்கேயோ, கோலாலம்பூர் ஜிஞ்சாங் உத்தாராவிலும் வேறு இடங்களிலும் புறம்போக்கு வீடுகளை விட்டு எழுப்பப்பட்டவர்களைத் "தற்காலிகமாக" என்று சொல்லி ரூமா பாஞ்சாங்கில் வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் பல குடும்பங்களுக்கு 20 ஆண்டுக்கு மேல் நீண்டது. பழையபடி லயத்து வரிசை, பழையபடி பொதுச் சுவர், பழையபடி தீப்பயம்! தற்காலிக வீடு எத்தனை மாதத்துக்கு, நிரந்தர வீடு எப்போது என்று எழுத்தில் கேட்பதற்கும் ஒரு துணை வேண்டும். சபையோ கோயிலோ சங்கமோ வீடிழந்தவரோடு நின்று இதைக் கேட்டால் அது அரசியல் ஆகாது. அதுவும் தொண்டுதான்.

உதவியில் உபத்திரவம் வேண்டாம்

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுவோம். "சோத்தப் போட்டு மதத்த மாத்திடுவாங்க" என்ற பேச்சு நம் தோட்டங்களில் உண்டு. துயரத்தில் இருப்பவனிடம் அரிசி மூட்டையை ஒரு கையிலும் பிரசங்கத்தை மறு கையிலும் கொண்டுபோவது தர்மமாகாது. அது வியாபாரம். நல்ல சபைகளுக்கு இது தெரியும். மேலே சொன்ன வின்சென்ட் தே பவுல் சபையின் விதியே மதம் பார்க்காதே என்பதுதான். யார் கொடுத்தாலும் நிபந்தனை இல்லாமல் கொடுக்க வேண்டும். நிபந்தனையோடு வந்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்ல வீடிழந்தவருக்கும் உரிமை உண்டு.

அதே சமயம் நாம் ஒன்றும் செய்யாமல், செய்கிறவரைச் சந்தேகப்படுவது மட்டும் நியாயமா? நம் கோயிலில் திருவிழாவுக்கு வசூல் உண்டு, தோட்டத்தில் மரணச் சகாய நிதி உண்டு, கல்யாணத்துக்கு மொய் நோட்டு உண்டு. தீப்பிடித்த வீட்டுக்கென்று என்ன வைத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லை. செத்தவரைத் தூக்க நிதி இருக்கிறது. உயிரோடு தெருவில் நிற்பவரைத் தூக்க நிதி இல்லை!

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கிழிந்த துணியைக் கொடுக்காதீர்கள். குப்பையைக் கழிப்பதற்கு எரிந்த வீடு இடமல்ல. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெண்களிடம் பெண்கள் போய்க் கேட்க வேண்டும். சில தேவைகளை ஆண்களிடம் சொல்ல முடியாது. வாங்கும்போது படம் எடுக்காதீர்கள். நேற்றுவரை நம்மோடு சமமாக வேலைக்குப் போன மனிதர் அவர், இன்றைக்குப் பிச்சைக்காரரல்ல.

நம் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

மெதடிஸ்ட்காரர்களின் வாரக் காசையும் கத்தோலிக்கரின் இரண்டு பேர் முறையையும் நாம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. வீட்டுக்கு மாதம் இரண்டு வெள்ளி என்று போடுவோம். 60 வீட்டுத் தோட்டத்தில் ஆண்டுக்கு 1,440 வெள்ளி சேரும். ஒரு குடும்பத்துக்கு முதல் மாத வாடகைக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் அது கை கொடுக்கும். கணக்கை எல்லாருக்கும் தெரியும்படி கோயில் பலகையில் ஒட்டுங்கள். கமிட்டியில் கோயில்காரர் ஒருவர், மாதா கோயில்காரர் ஒருவர், சங்கத் தலைவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், கட்டாயம் இரண்டு பெண்கள் இருக்கட்டும். தோட்டத்தில் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கொங்சியிலும் தீப் பிடிக்கும், அவர்களுக்கு இங்கே அண்ணன் தம்பி வீடுகூட இல்லை.

வீடிழந்த குடும்பத்துக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். அவர்கள் முதல் மாதம் வாரா வாரமும், பிறகு ஓராண்டு வரை மாதம் ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். முதலாம் ஆண்டு நினைவு நாள் வரும்போது கட்டாயம் போக வேண்டும். அந்த நாளில் மனம் மிகவும் கலங்கும்.

இவ்வளவும் தீ வந்த பிறகு செய்வது. வராமல் தடுப்பதும் நம் கையில் இருக்கிறது. ஒரே பிளக்கில் நாலு கம்பி சொருகாதீர்கள். எரிவாயு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். சாமி விளக்கையும் மெழுகுவர்த்தியையும் கொசுவர்த்தியையும் திரைச்சீலைக்குக் கிட்டே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகவே கூடாது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தால் சாவி எங்கே என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தீயணைப்புப் படைக்கு 999. குடும்பத்துக் காகிதங்களை நகல் எடுத்து, ஒரு கட்டைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வைக்கலாம்.

தோட்டத்து வீட்டில் கம்பி பழுதாகிக் கிடந்தால் கிராணியிடம் வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். தொழிலாளர் குடியிருப்பை ஒழுங்கான நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. 2019ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டு மேலும் கடுமையாகியிருக்கிறது. அது நமக்குப் போடும் பிச்சையல்ல, நம் உரிமை.

எப்வொர்த் ஊரில் அன்றைக்கு ஏணி இல்லை. ஒருவர் தோள் கொடுத்தார், இன்னொருவர் ஏறினார், பிள்ளை பிழைத்தது. நம்மிடமும் பெரிய ஏணி ஏதும் இல்லை. தோள் இருக்கிறது. அடுத்த மாதச் சம்பள நாளுக்குள் உங்கள் தோட்டத்தில் ஒரு கூட்டம் போட்டு, யார் தோள், யார் கை என்று முடிவு செய்துவிடுங்கள். தீ நாள் பார்த்து வருவதில்லை.